கால் நனைக்கும் இடம்

மோட்டாரின் சத்தம் மாறியிருந்தது.

வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் லிஃப்ட் மெக்கானிக். கட்டிட உச்சியில், மெஷின் அறையில் நின்று மோட்டார்களின் முனகலைக் கேட்டே எது இன்னும் தாங்கும், எது சீக்கிரம் காலை வாரிவிடும் என்று சொல்லிவிடுகிறவன். கொல்லைப்புறத்து மீன் குளத்தில் தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டி, மறுபடி ஊற்றும் அந்தச் சின்ன மோட்டார் வாங்கிய நாளிலிருந்து ஒரே சீராக ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே பின்வாசலில் நின்றபோது, அந்த ரீங்காரத்துக்கு நடுவில் ஒரு விக்கல் கேட்டது. ஓடும், தடுக்கும், எதையோ மென்று விழுங்குவது போல் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், பிறகு மறுபடி ஓடும்.

"மோட்டார் சரியில்லையே," என்றான்.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா? இது லிஃப்ட் இல்லைங்க. நின்னு போனா நடுவுல யாரும் மாட்டிக்க மாட்டாங்க," என்றாள் மனைவி.

குளத்தின் விளிம்பில் குட்டை முக்காலியைப் போட்டு, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் விட்டு உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. மருந்துக்கடைக் கவுன்ட்டரில் காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றே வேலை செய்கிறவள். வீடு வந்து சேரும்போது கணுக்கால் பந்து மாதிரி வீங்கியிருக்கும். குதிகால் வெடித்து, ரத்தம் கசியும். கடையில் இருக்கிற அத்தனை களிம்பையும் தன் காலிலேயே பூசிப் பார்த்தாயிற்று, ஒன்றும் கேட்கவில்லை. யதேச்சையாக ஒருநாள் குளத்தில் காலை விட்டாள். கோய் என்ற வண்ண மீன்கள் கூட்டமாக வந்து தொட்டுத் தொட்டுக் கொத்தின. அவள் கூச்சம் தாங்காமல் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும். அன்றிலிருந்து பைத்தியமாகிவிட்டாள். செருப்பைக்கூட வாசலில் விடுவதில்லை, நேராகக் கொல்லைக்குத்தான்.

ஆனால் இப்போது மீன்களைக் காணோம். குளத்தையே காணோம் என்றுதான் சொல்ல வேண்டும். மீன் வாங்கியபோது கூடவே வந்த செடி, மூலையில் ஒரு கூடைக்குள் அடக்கமாக இருந்தது, மழைக்காலம் முடிவதற்குள் தண்ணீர் மொத்தத்தையும் மூடிவிட்டது. தட்டு அகலத்தில் கறுத்த பச்சை இலைகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வானம் தெரிய ஓர் ஓட்டைகூட விடாமல் படுத்திருந்தன. அவள் கால் வைக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக ஓர் இடைவெளி. அதிலிருந்து, ரொம்ப நாள் திறக்காத அலமாரியின் வாசனையும் இருமல் மருந்தின் தித்திப்பும் கலந்தாற்போல் ஒரு வாடை வந்தது.

"மேனேஜர் எங்க?" என்று கேட்டான். மேனேஜர் என்பது பெரிய மீன். ஆரஞ்சு உடம்பு, வெள்ளை முகம். எல்லா மூலையையும் ஒருதடவை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடும், அதனால் அந்தப் பெயர்.

"கீழ இருக்கும். நிழல்ல சுகமா."

அவன் சுவிட்சை அணைத்துவிட்டு, குனிந்து மோட்டாரை வெளியே எடுத்தான். வடிகட்டியின் ஓட்டைகள் எல்லாவற்றிலும் வெள்ளை வேர், தலைமுடி அளவுக்கு மெல்லியது, இறுக்கமாகச் சுற்றியிருந்தது. பிய்த்துப் போட்டுக்கொண்டே வந்தவன், உள்ளே விசிறியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டான். சுழலும் விசிறியில் எது மாட்டினாலும் அது சுழலும் திசையில்தான் சுற்றிக்கொள்ளும். கயிறானாலும் சரி, துணியானாலும் சரி. இந்த வேர் எதிர்த்திசையில் சுற்றியிருந்தது. ஓடுகிற மோட்டாரைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது போல.

அவனுக்குச் சட்டென்று முதுகு சில்லிட்டது. இத்தனைக்கும் பத்து மாடி உயரத்தில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு டீ குடிக்கிறவன்தான். ஆனால் வழவழவென்று எதையாவது தொட்டால் போதும், மயிர்க்கூச்செறிந்துவிடும். கல்யாணமான புதிதில் குளியலறையில் ஒரு நத்தையைப் பார்த்து அவன் கட்டில்மேல் ஏறிய கதையை, அவள் இன்னும் சொந்தக்காரர்கள் வீட்டில் நடித்துக் காட்டுவாள்.

"நாளைக்கு லீவு. இதை எல்லாம் வெட்டி எடுத்துடறேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். "வெட்டாதீங்க."

கேலி இல்லை அந்தக் குரலில்.

"மீன் மூச்சு முட்டிச் செத்துடும்டி."

"ஒண்ணும் சாகாது. அது பாட்டுக்கு அது இருக்கட்டும். எனக்கு இப்பதான் கால் வலியே இல்லாம இருக்கு. அது பொறுக்கலையா உங்களுக்கு?"

கடைசி வாக்கியத்தில் அழுகை கலந்திருந்தது. அவன் மோட்டாரை மறுபடி தண்ணீரில் இறக்கி ஓட விட்டான். அன்று படுக்கையில் அவள் பாதம் அவன் கெண்டைக்காலில் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. ஈரமாகவும் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் விரிப்பின் கால்மாட்டில் பச்சையாக ஒரு கறை.

வேலைக்குக் கிளம்பும்முன் அவள் குளத்தோரம் குத்துக்காலிட்டு ஒரு பாட்டிலில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டான். கடையில் இருக்கிற பூந்தொட்டிக்கு என்றாள். மீன் குளத்துத் தண்ணீர் செடிக்கு நல்ல உரம், உண்மைதான். ஆனால் அந்தக் கடையில் பூந்தொட்டி எதையும் அவன் பார்த்ததாக நினைவில்லை.

அவள் போனதும் வேனை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனான். நீளக் கைப்பிடி வைத்த கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்த கடைக்காரப் பெண், "அண்ணா, ஒரே நாள்ல எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடாதீங்க. ஒரு ஓரமா கொஞ்சம் எடுத்துட்டு ஒரு வாரம் விடுங்க. இல்லேன்னா மீன் தாங்காது," என்றாள். அவனும் பெரிதாகத் தலையை ஆட்டினான். ஆனால் அரைகுறையாக வேலையை விட்டுவிட்டு வருவது அவன் தொழிலில் கிடையாது. பாதி கழற்றிய லிஃப்டை அப்படியே விட்டு வந்தால் மனிதன் செத்துப்போவான். கை வைத்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், அது அவன் ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம்.

வேலைக்குமுன் மோட்டார் சுவிட்சை அணைப்பதும் அப்படித்தான். அணைத்தான். மோட்டார் நின்றது. கொல்லை முழுக்க ஓர் அமைதி இறங்கியது. கம்பூட்ஸ், ரப்பர் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, உச்சி வெயிலில், பல்லைக் கடித்துக்கொண்டு குளத்துக்குள் இறங்கினான். தண்ணீர் தொடைவரை வந்தது. வெயில் தலையைச் சுட்டது, கீழே கால் விறைத்தது. முதல் காம்பை வெட்டியதும் அந்த இருமல் மருந்து வாடை குப்பென்று எழுந்தது. வெட்டினான், இழுத்தான், கரையில் சிமென்ட் தரையில் வீசினான். இலைகளுக்குக் கீழே வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, கம்பளம் மாதிரி கனமாகத் தொங்கின. ஓரத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நடுக்குளம்வரை வெட்டிக்கொண்டே போனான்.

அங்கே ஒரு துண்டு வரமாட்டேன் என்றது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கரையில் ஏற்றிக் கவிழ்த்தான்.

மேனேஜர் அதில் இருந்தது.

மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தான். பாவம், சிக்கலை எடுத்துவிடலாம் என்று குனிந்தான். அது சிக்கலே இல்லை. வேர் அதன் செவுள் வழியாக உள்ளே போயிருந்தது. வாய் வழியாக வெளியே வந்திருந்தது. வயிற்றுச் செதில்களுக்கு நடுவில், தையல் போட்டாற்போல் வரிசையாக நுழைந்திருந்தது. ஆனாலும் மீன் சாகவில்லை. கொழுகொழுவென்று முன்னைவிடப் பெருத்திருந்தது. வாய் திறந்து மூடியது. கண் அவனையே பார்த்தது.

அவன் மற்ற இலைகளை விலக்கினான். எல்லா மீன்களும் அப்படித்தான். ஒவ்வொன்றும் வேரில் கோத்த நிலையில், பக்கத்தில் பக்கத்தில், அசையாமல். மீனின் கழிவைத்தான் செடி தின்று வளரும் என்று அவனுக்குத் தெரியும். நாம் பாலுக்கு மாடு கட்டுவது போல, இந்தச் செடி மீன்களைக் கட்டி வைத்திருந்தது.

மேனேஜரை விடுவிக்கிறேன் என்று கத்தரிக்கோலால் செவுளோரம் இருந்த வேரை வெட்டினான். மீன் ஒருமுறை துடித்தது. வெட்டிய வேரின் நுனியிலிருந்து ரத்தம் வந்தது. மீனிலிருந்து அல்ல, வேரிலிருந்து. சிமென்ட் தரையில் சிவப்பாகப் பரவியது. திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

போன் அடித்தது. அவள்தான்.

"ஏங்க... கால்ல என்னமோ பண்ணுது. சுருக்குனு இழுத்துச்சு. கவுன்ட்டரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். நீங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"நான் வீட்டுக்கு வர்றேன்."

கையிலிருந்த கத்தரிக்கோல் தண்ணீருக்குள் நழுவியது. அவன் அதை எடுக்கவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். சொன்ன குரல் அவனுடையதாகவே இல்லை.

வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து, பொழுது சாயும் நேரத்தில்தான் அவள் தள்ளாடித் தள்ளாடி வந்து சேர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. நேராகக் கொல்லைக்குத் திரும்பினாள். அவன் குறுக்கே நின்றான்.

"காலைக் காட்டு."

"விடுங்க, எரியுது, முதல்ல தண்ணில வைக்கணும்."

"காலைக் காட்டுன்னு சொல்றேன்ல!"

அவன் கத்தி அவள் கேட்டதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். காலுறையைக் கழற்றினான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, குளத்து வாடை. காலையில் மொண்ட தண்ணீர் எந்தப் பூந்தொட்டிக்குப் போனது என்று இப்போது புரிந்தது. பாதத்தைத் திருப்பினான். குதிகால் வெடிப்புகள் ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளையாக, முடிமுடியாக வேர். விரல் இடுக்குகளிலும். சில நுனிகள் அறுபட்டாற்போல் சிவந்திருந்தன.

அவளும் பார்த்தாள். சின்னப் பெண் மாதிரி, "என்னங்க இது?" என்றாள்.

அவன் அவளை அள்ளித் தூக்கினான். வேனில் போட்டான். அவளைத் தவிர அவனுக்கு இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. நத்தையைப் பார்த்துக் கட்டிலில் ஏறியவனைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தியவள். எப்படியாவது மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்குத்தானே இருக்கிறார்கள்.

தெருமுனை தாண்டினார்கள். பெரிய சாலை வந்தது. சிக்னலில் வண்டி நின்றபோது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. ப்ப். ப்ப்.

திரும்பினான். அவள் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கண் அவனையே பார்த்தது. பேச்சு வரவில்லை, மூச்சும் வரவில்லை. வாய் மட்டும். ப்ப். உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ! ஏய்! மூச்சு விடு! மூச்சு விடுடி!"

அவள் கை தன் பையைத் துழாவியது. அவன் பிடுங்கிப் பார்த்தான். பாட்டில். அடியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர். அவள் காலில் கொட்டினான். ஒரு மூச்சு வந்தது. ஒன்றே ஒன்று. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன, எவனோ திட்டினான். அவன் வேனைத் திருப்பினான். திருப்பிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். முகவரியைக் கத்தினான். மூச்சு நின்னுபோச்சு, சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க.

கொல்லைக் கதவை உதைத்துத் திறந்தான். முக்காலியில் உட்கார வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு, கால்களைத் தண்ணீருக்குள் விட்டான்.

அவள் மூச்சு விட்டாள். நீளமாக, நிம்மதியாக. தலை அவன் வயிற்றில் சாய்ந்தது.

"அப்பாடா," என்றாள்.

அவன் அழுதான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் சுற்றிப் பார்த்தான். சிமென்ட் தரையில் மத்தியானம் வெட்டிக் குவித்த செடிகள் இல்லை. குவியல் இருந்த இடத்திலிருந்து குளம்வரை ஈரமாக, அகலமாக ஒரு தடம். மேனேஜரும் இல்லை. குளத்தில் வெட்டிய இடமே தெரியவில்லை. இலைகள் மறுபடி மூடியிருந்தன. ஓர் ஓட்டைகூட இல்லை. அவள் கால் இருக்கும் வட்டத்தைத் தவிர.

போன் விளக்கைப் போட்டு அந்த வட்டத்துக்குள் காட்டினான்.

வேர் அவள் பாதத்துக்குள் போகிறது என்றுதான் இதுவரை நினைத்திருந்தான். இல்லை. பாதத்தின் அருகில்தான் அது தடியாக இருந்தது, விரல் அளவுக்கு. தள்ளிப் போகப் போகத்தான் மெலிந்து, பிரிந்து, பரவி, குளத்தின் அடியெல்லாம் ஓடியது. எந்த மரத்திலும் வேர் எங்கே தடியோ அங்கேதான் அடிமரம் இருக்கும்.

விளக்கை அணைத்தான்.

அணைத்த பிறகுதான் தெரு மூலையில் சைரன் கேட்டது.

வருகிறார்கள். ஸ்ட்ரெச்சர் கொண்டுவருவார்கள். நல்லவர்கள், கெட்டிக்காரர்கள். ஒரு நிமிஷத்தில் தூக்கிவிடுவார்கள். வேரைப் பார்த்தால் வெட்டுவார்கள். யாராக இருந்தாலும் வெட்டத்தான் செய்வார்கள். அவனும் வெட்டினானே. கையிலேயே செத்ததே மேனேஜர்.

அவள் தலையை மெதுவாகக் குளத்தோரச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினான். வீட்டைக் கடந்து முன்வாசலுக்கு. தாழ்ப்பாள். பூட்டு. சாவி துளையில் நிற்கவில்லை. நின்றது. பூட்டினான். முன்னறை விளக்கை அணைத்தான். வாசல் விளக்கை அணைத்தான். சைரன் வீட்டு முன்னால் வந்து நின்றது. சுவரெல்லாம் சிவப்பு வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்தது.

மணி அடித்தது.

கதவைத் தட்டினார்கள். "சார்! ஆம்புலன்ஸ்! போன் பண்ணீங்களே! கதவைத் திறங்க!"

அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். திறந்தால் போய்விடுவாள். திறக்காவிட்டால்? அவனுக்குத் தெரியவில்லை. கடவுளே, எனக்குத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் கதறினான். கால் மட்டும் பின்னால் பின்னால் நகர்ந்து கொல்லைக்கு வந்துவிட்டது.

இருட்டியிருந்தது. சிவப்பு வெளிச்சம் கூரைக்கு மேலே வந்து வந்து போனது. அது வரும்போதெல்லாம் குளம் தெரிந்தது. இலைகள் மெல்ல எழுந்தன. தணிந்தன. மறுபடி எழுந்தன. காற்றே இல்லை. மொத்தக் குளமும் சேர்ந்து, தூங்குகிறவர்களின் வயிறு மாதிரி, ஏறி ஏறி இறங்கியது.

அவன் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் மார்பில் கை வைத்தான்.

அசைவே இல்லை.

மூக்கருகில் விரலை வைத்தான். ஒன்றும் இல்லை. கன்னத்தைத் தட்டினான். பெயர் சொல்லாமல், ஏய், ஏய் என்று மட்டும் கூப்பிட்டான். வாசலில் யாரோ தோளால் கதவை இடித்தார்கள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

அவள் கண் திறந்தாள். சாந்தமாக, களைப்பே இல்லாமல், அவனைப் பார்த்தாள்.

"யாருங்க வாசல்ல?" என்றாள்.

அவள் உதடுதான் அசைந்தது. குரலும் அவள் குரல்தான். ஆனால் சத்தம் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினான். சிவப்பு வெளிச்சம் ஒருமுறை குளத்தின்மேல் படர்ந்தது. தூர மூலையில் இலைகள் விலகி வழிவிட்டிருந்தன. அங்கே தண்ணீரிலிருந்து, அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒன்றாக, குமிழிகள் எழுந்து எழுந்து உடைந்துகொண்டிருந்தன.